அர்ச்சுனனுக்காக ஒன்பது கடிதங்கள்

மலேசியாவின் கூலாய் சந்தைக்குப் பின்னால் என் கணவர் நவ்சாத் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அதன் மாடியில் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நான் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் ஒன்பது பெண்கள். எல்லோரும் செனாய்ப் பக்கம் இருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் அதே பஸ்ஸில் திரும்புகிறவர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலை கைமாறியது. அறிவிப்புப் பலகையும் விடுப்புப் படிவமும் ஆங்கிலத்துக்கு மாறின. அப்போது கடைக்குச் சாப்பிட வந்த பிரேமலா ஒரு படிவத்தை என்னிடம் நீட்டி, இதில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டாள். அப்படித்தான் வகுப்பு ஆரம்பமானது.

வாரம் ஒரு சொல். அதன் பொருள், அதை எங்கே எப்படிப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வந்தது. அவ்வளவுதான் என் பாடம். சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். நேற்று வந்தவர்களாக இருந்தாலும் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தானே நமக்கு மனம் ஒட்டுகிறது.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது பேரும் வாடிப்போய் வந்தார்கள். தேநீர்கூடக் கேட்கவில்லை. பிரேமலாதான் பேசினாள்.

"டீச்சர், ஒருத்தருக்காக இன்னொருத்தர்கிட்ட போய்ப் பேசுறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்றது?"

விசாரித்தேன். செவ்வாய்க்கிழமை அவர்களுடைய பஸ் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகப் போயிருக்கிறது. முப்பத்து நான்கு பேர் இல்லாமல் ஒரு முழு உற்பத்தி வரிசையே நின்றுவிட்டது. டிரைவர் அர்ச்சுனனை விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு தெரியும்வரை பஸ்ஸை எடுக்கக் கூடாது. வருகிற வெள்ளிக்கிழமை முடிவு. பதினேழு வருடமாக அந்தப் பாதையில் ஓட்டுகிறவர் அர்ச்சுனன். இவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் பஸ்ஸில் போகிறவர்கள். மழையென்றால் சாலையோரம் நிறுத்தாமல் வீட்டு வாசல் வரை வருவார். பிரசவ வலியோடு ஒருத்தியைக் குளுவாங் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

ஏன் தாமதம் என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேன்மொழி, சொன்னால் நீளும் டீச்சர் என்றாள். நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளைப் பலகையில் மூன்று சொற்களை எழுதினேன். இன்டர்ஃபியர், இன்டர்வீன், இன்டர்சீட். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், குணம் மட்டும் வேறு வேறு என்றேன். முதலாவது தலையிடுவது, பெரும்பாலும் வேண்டாத தலையீடு. பழைய பிரெஞ்சு மொழியில் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதற்கு இருந்த சொல்லிலிருந்து வந்தது. நடக்கும்போது ஒரு கால் இன்னொரு காலில் இடித்துக்கொள்ளும் குதிரையைப் பற்றி ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னார்கள். ராஜம்மா உடனே, "எங்க சூப்பர்வைசர் லா அது" என்றார். அன்று அவர்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இரண்டாவது, நடுவில் வருவது. ஆள்தான் வர வேண்டும் என்பதில்லை. மழை வரலாம், நோய் வரலாம், போர்கூட வரலாம். மூன்றாவது அப்படியல்ல. அதற்கு ஒரு மனிதர் வேண்டும், அவருக்கு வாய் வேண்டும். சிக்கலில் இருக்கும் ஒருவருக்காக, அதிகாரம் உள்ள இன்னொருவரிடம் போய்ப் பரிந்து பேசுவது. அதனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு சின்னச் சொற்கள் வரும். 'வித்' என்று எழுதி அதிகாரம் உள்ளவர் பெயரைப் போட வேண்டும். 'ஃபார்' என்று எழுதிச் சிக்கலில் இருப்பவர் பெயரைப் போட வேண்டும். இரண்டு பெயரும் இருந்தால்தான் வாக்கியம் நிற்கும்.

பிறகு அது பிறந்த இடத்தைச் சொன்னேன். லத்தீனில் 'இன்டர்' என்றால் நடுவில். 'சேடெரே' என்றால் போவது. நடுவில் போய் நிற்பது. பழைய ரோமாபுரியில் அதிகாரி ஒருவர் எளிய மனிதன்மேல் கை வைத்தால், மக்கள் பக்கத்து அதிகாரி குறுக்கே வந்து நின்று அதைத் தடுக்கலாம். அதற்கும் இதே சொல்தான். தடுப்பதற்கு இருந்த சொல், காலப்போக்கில் கெஞ்சிக் கேட்பதற்கும் ஆனது. தமிழில் நாம் பரிந்து பேசுவது என்கிறோம். அதில் மனம் அசைகிறது. இதில் கால் அசைகிறது என்று நான் சொன்னபோது தேன்மொழி கை தூக்கினாள்.

"அப்போ நடுவுல போய் நிக்கிறவங்க மேல அடி விழாதா, டீச்சர்?"

விழலாம் என்றேன். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியாக, அவர்கள் மனம் குளிரட்டும் என்று அர்ச்சுனன் பெயரையே வைத்து ஒரு வாக்கியம் எழுதினேன். மதிப்புக்குரிய மேடம், திரு. அர்ச்சுனனுக்காகத் தங்களிடம் பரிந்து பேசவே இதை எழுதுகிறேன். மிச்சம் நான்கு வரியை அவரவர் சொந்தமாக எழுதி அடுத்த வாரம் கொண்டு வாருங்கள், திருத்தித் தருகிறேன் என்றேன். முடிவு வெள்ளிக்கிழமை, என் வகுப்பு அதற்கு மறுநாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

புதன்கிழமை வேலை முடிந்து பிரேமலா நேராகக் கடைக்கு வந்தாள். நவ்சாத் கொடுத்த தேநீரைத் தொடாமல் அழுதாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது பேரும் தனித்தனியாக எழுதிய கடிதங்களை நிர்வாகப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். ஒருத்தி எழுதியது இன்னொருத்திக்குத் தெரியாது. எல்லாக் கடிதத்திலும் முதல் வரி என்னுடையது. அதற்குப் பின்னால், பஸ் தாமதமானது தன்னால்தான் என்று ஒவ்வொருத்தியும் எழுதியிருந்தாள். பிரேமலா தன் மகனுக்குக் காய்ச்சல் என்றும், பஸ்ஸை நிறுத்தி மருந்து வாங்கியதாகவும் எழுதியிருந்தாள். தேன்மொழி வேலை அட்டையை வீட்டில் மறந்துவிட்டதாக எழுதியிருந்தாள். ராஜம்மா படியில் வழுக்கி விழுந்ததாக. இன்னொருத்தி வாந்தி எடுத்ததாக. ஒருத்தி பஸ்ஸில் பாம்பைப் பார்த்ததாகவே எழுதிவிட்டாள்.

பணியாளர் நிர்வாகி மிஸ் லியோங் ஒன்பது பேரையும் அறைக்கு அழைத்து, கடிதங்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாராம். ஒரு காலையில் ஒரு பஸ்ஸுக்கு இத்தனை நடக்க முடியுமா என்று கேட்டாராம்.  ஒன்பதிலும் முதல் வரி ஒன்றாக இருப்பதைக் காட்டி, இதை யார் சொல்லிக் கொடுத்தது, டிரைவர்தானே என்றாராம். தாமதத்துக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டிருப்பேன், தொழிலாளர்களைப் பொய்க் கடிதம் எழுத வைத்த ஆளை இனி இந்த வாசலுக்குள் விடமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"எதுக்கும்மா எல்லாரும் தன்மேலயே போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

பிரேமலா என்னை விநோதமாகப் பார்த்தாள். கேள்வி புரியாதவள் மாதிரி.

"நாங்க எப்பவும் அப்படித்தானே, டீச்சர்."

மெதுவாக விளங்கச் சொன்னாள். அங்கே ஒருவர் மூன்று எச்சரிக்கை வாங்கினால் வேலை போய்விடும். வரிசையில் ஏதாவது பழுதாகி, யார் செய்தது என்று மேற்பார்வையாளர் கேட்டால், செய்தவள் பேச மாட்டாள். அந்த வருடம் எச்சரிக்கை வாங்காதவள் யாரோ, அவள் நான்தான் என்று எழுந்து நிற்பாள். இரண்டு வாங்கியவளை யாரும் மூன்றாவதுக்கு விடுவதில்லை. இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. கையில் சூடு பட்டால் கை தானாக விலகுவது மாதிரி அது பழகிவிட்டது. அதே பழக்கத்தில்தான் இந்தத் தடவையும் ஒவ்வொருத்தியும் எழுந்து நின்றிருக்கிறாள். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள் என்று ஒருத்தியும் நினைக்கவில்லை.

எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. பொய் பொய்தான், அதை நல்லதென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தன் பங்கைக் கூட்டிக்கொள்வதற்காகச் சொல்லப்பட்ட பொய்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அடுத்தவள் பாரத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்வதற்காக ஒன்பது பேர் சொன்ன பொய்யை அதுவரை கேட்டதில்லை. கோபம் என்மேல்தான் வந்தது. அர்ச்சுனனுக்கு எதிராக அந்த மேசைமேல் இருந்த ஒரே சாட்சி, நான் பலகையில் எழுதிய வாக்கியம்.

"நீ எழுதுனதுதானே, நீயே போய்ச் சொல்லு" என்றார் நவ்சாத், ரொட்டி மாவைத் தட்டிக்கொண்டே. அவருக்கு எதுவும் சிக்கலில்லை. நான் வாழ்க்கையில் ஒரு தடவைகூட யாருக்காகவும் ஓர் அலுவலகத்துக்குப் போனதில்லை. இவ்வளவு நாள் வாய் கிழியச் சொல் சொல்லிக்கொடுத்தவள், அங்கே போய் என்ன சொல்வது என்று தாளில் எழுதி எழுதி அடித்தேன். இரவு இஷா தொழுதுவிட்டு நெடுநேரம் கை ஏந்தி உட்கார்ந்திருந்தேன். என் நாவை நேராக்கித் தா என்பதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பிரேமலா கொடுத்திருந்த முகவரியோடு அர்ச்சுனன் வீட்டுக்குப் போனேன். பஸ் வாசலில் நின்றது. ஓட்டக் கூடாத பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டேன். சாலை நெரிசல் என்று விளக்கக் கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"அப்போ இது பத்தாவது பொய், அண்ணே" என்றேன்.

சிரித்துவிட்டார். பிறகு குழாயை மூடிவிட்டு, "ஒரு பொம்பளப் புள்ள பேரு இதுல வரக் கூடாது, டீச்சர். எனக்கு வேற பஸ் கெடைக்கும். அதுக்கு வேற வேல கெடைக்காது" என்றார். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம், பிரேமலாவிடம் விசாரித்துக்கொண்டு, அந்தப் பெண்ணே என்னைத் தேடிக் கடைக்கு வந்தாள். பெயர் செல்லம். என் வகுப்புக்கு வராதவள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிறவள். அதனால் கடிதமும் எழுதாதவள். நாற்பது வயதிருக்கும். ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டை ஒட்டிய பழைய தோட்ட வீட்டில் இருக்கிறாள். கணவர் அய்யாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கை. விடிவதற்கு முன் கஞ்சி வைத்து ஊட்டிவிட்டு பஸ் ஏறுவாள். இரவு வேலை முடிந்து அவள் நாத்தனார் காலை ஒன்பது மணிக்குத்தான் வருவார். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரம் அந்த மனிதர் தனியாகக் கிடப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் சாலைச் சந்திப்பைத் தாண்டியதும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அடுப்பை அணைத்தோமா? அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்த அர்ச்சுனன்தான் என்னம்மா என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் பதில் பேசாமல், அந்தக் குறுகிய சாலையில் முன்னும் பின்னுமாக நான்கு தடவை எடுத்து, முப்பத்து நான்கு பேரோடு பஸ்ஸைத் திருப்பிவிட்டார்.

"அடுப்பு அணைஞ்சுதான் இருந்துச்சு, டீச்சர்" என்றாள். "எரிஞ்சிருந்தாகூடப் போய்ச் சொல்றதுக்கு ஒரு மூஞ்சி இருக்கும். ஒண்ணுமே இல்லாததுக்கு எல்லாரையும் திருப்பிட்டேன்."

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை இருந்தது. அய்யாவு விழுந்த மாதத்தில், இரண்டு தடவை சொல்லாமல் விடுப்பு எடுத்ததற்காக வந்தவை. உண்மையைச் சொன்னால் மூன்றாவது அவளுக்கு. சொல்லாவிட்டால் அர்ச்சுனனுக்கு பஸ் இல்லை. என் வாக்கியத்தில் 'ஃபாரு'க்குப் பின்னால் ஒரு பெயர்தான் எழுதியிருந்தேன். இரண்டு பெயர் எழுத வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாளை மிஸ் லியோங்கைப் பார்க்கப் போகிறேன் என்றேன்; அவளை வரச் சொல்லவில்லை. அவளே, நாளைக்கு நானும் வருகிறேன் டீச்சர், என் வாயால் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். வேலை போனால் அவள் வீட்டில் அடுப்புக்கே தேவை இருக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மகளுக்கு உடம்பு சரியில்லாதபோது பிடித்துக்கொள்வது மாதிரி அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மிஸ் லியோங் எங்களை உட்காரச் சொன்னார். ஐம்பதை நெருங்கிய, குரல் உயர்த்தாத பெண். மேசையின் ஓரத்தில் அந்த ஒன்பது கடிதங்களும் ஒரு கிளிப்பில் இருந்தன. நான் தொழிற்சங்கமா, வழக்கறிஞரா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ரெண்டும் இல்ல. இவங்களோட இங்கிலீஷ் டீச்சர். அந்த முதல் வரி என்னோடது" என்றேன்.

பலகையில் எழுதியதைச் சொன்னேன். அர்ச்சுனனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, கடிதம் போட்டதே அவருக்குப் பிறகுதான் தெரியும் என்றேன். மிஸ் லியோங் நம்பவில்லை. அப்படியானால் ஒன்பது பேரும் ஏன் ஒன்பது விதமாகப் பொய் சொன்னார்கள், ஒருவர் தூண்டாமல் இப்படி நடக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. வரிசையில் அவர்கள் பழியைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்தைச் சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. மிஸ் லியோங் கணினியைத் திருப்பி எச்சரிக்கைகளின் பட்டியலைத் திறந்தார். மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு. அந்த வரிசையில் மூன்று என்பதே இல்லை.

"மூணு வருஷமா எனக்கு இது புரியல" என்றார் மெல்ல. "மத்த வரிசையில எல்லாம் ஆள் போறாங்க, வர்றாங்க. இதுல மட்டும் யாரும் மூணைத் தொடுறதே இல்ல."

 ஒருவரைக் காப்பாற்ற வந்து ஒன்பது பேரைக் காட்டிக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். செல்லத்துக்கு நாங்கள் பேசிய ஆங்கிலம் புரியவில்லை. ஆனால் என் முகம் புரிந்திருக்கும். அவள் எழுந்து நின்று மலாயில் பேச ஆரம்பித்தாள்.

சுற்றி வளைக்கவில்லை. பஸ் என்னால்தான் திரும்பியது என்றாள். அடுப்பைச் சொன்னாள். அது அணைந்திருந்ததையும் சொன்னாள். அர்ச்சுனனைத் திருப்பச் சொல்லித் தான் கேட்கவில்லை, ஆனால் அவர் திருப்பியபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதனால் தப்பு தன்னுடையது என்றாள். மிஸ் லியோங் ஒரு கேள்விதான் கேட்டார். இப்போது காலையில் நீ வேலைக்கு வந்த பிறகு உன் கணவரை யார் பார்க்கிறார்கள்?

"இந்த வாரம் அர்ச்சுனன் அண்ணே" என்றாள் செல்லம். "அவருக்குத்தான் பஸ் இல்லையே. ஆறு மணிக்கு ரொட்டி வாங்கிட்டு வந்து உக்காந்திருக்காரு, நாத்தனார் வர்ற வரைக்கும். அடுப்பை நான் பாத்துக்கிறேன், நீ நிம்மதியா போன்னு சொன்னாரு."

எனக்கும் அது புதுச் செய்தி. பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மிஸ் லியோங் பட்டியலை மூடினார். தன் தாயார் தைப்பிங்கில் தனியாக இருப்பதாகச் சொன்னார். அந்த அம்மா வெளியே கிளம்பினால், சாமி மேடையில் ஊதுபத்தி அணைந்ததா என்று பார்க்கப் பாதி வழியில் வீடு திரும்பிவிடுவாராம். இதுவரை ஒரு தடவைகூட அது எரிந்துகொண்டிருந்ததில்லையாம். அவரை அழைத்துப் போகும் டாக்சிக்காரர் யாரென்று தனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை என்றார். இதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை.

பிறகு பேனாவை எடுத்தார். செல்லம் அன்று நேரத்துக்கு பஸ் ஏறியவள், தாமதம் பஸ்ஸினுடையது. எனவே அவள் பெயரில் எழுத எதுவுமில்லை. அர்ச்சுனனுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. பஸ்ஸைத் திருப்பியதற்கு இல்லை. தெரிவிக்காமல் இருந்ததற்கும், நெரிசல் என்று பொய் எழுதியதற்கும். இனி அப்படித் திருப்ப நேர்ந்தால் உடனே அழைக்கும்படி ஒரு துண்டுத் தாளில் ஓர் எண்ணை எழுதினார். அலுவலக எண் இல்லை, அவருடைய சொந்தக் கைபேசி எண்.

"திங்கட்கிழமை அவர் ஓட்டட்டும்" என்றார். பிறகு கிளிப்போடு கடிதங்களை என் பக்கம் தள்ளினார். "இதை எடுத்துட்டுப் போங்க, டீச்சர். இங்க இருந்தா நான் ஒன்பது பேருக்கும் பதில் எழுதணும்."

நன்றி சொன்னேன். வரிசையின் வழக்கத்தைப் பற்றி நான் சொன்னது என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன்.

"அந்த இடத்துல நீங்க பேசுனது எனக்குச் சரியா கேக்கல" என்றார். "திரும்பச் சொல்ல வேணாம்."

வெளியே வந்து காவல் அறையின் நிழலில் நின்றோம்.  அர்ச்சுனனுக்கு நான்தான் எண்ணை அழுத்திச் செல்லத்திடம் கொடுத்தேன். அண்ணே, திங்கக்கிழம நீங்கதான் என்றாள்.  அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கும் கேட்டது.

"ஒனக்கு என்னம்மா ஆச்சு?"

எனக்கு ஒண்ணுமில்லண்ணே என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, அவர் குரலில் ஒரு கவலை. திங்கட்கிழமையிலிருந்து ஆறு மணிக்கு நான் பஸ்ஸில் இருப்பேனே, அய்யாவுகூட யார் இருப்பது என்று கேட்டார். அந்த மகிழ்ச்சியில் நாங்கள் இருவரும் அதை மறந்தே போயிருந்தோம். முன்பு எட்டு மாதம் தனியாகத்தானே கிடந்தார், இனியும் கிடப்பார் என்று செல்லம் சமாதானம் சொன்னாள். ஆனால் ஒரு வாரம் துணை இருந்து பழகிவிட்ட பிறகு, அது முன்பு மாதிரி இல்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

கடைக்குத் திரும்பி நடந்ததையெல்லாம் நவ்சாத்திடம் சொன்னேன். அவர் கல்லாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.  செல்லம் வீடு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். பிறகு, விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு அப்படியே போனால் ஆறு மணிக்குப் போய்விடலாம், காலையில் கடையைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள், மதியச் சமையலுக்கு வந்தால் போதும் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டார். உங்களுக்கு முழங்கால் வலியாயிற்றே என்றேன்.

"நடக்கச் சொன்னாத்தான் வலி. அங்க உக்காரத்தானே போறேன்" என்றார்.

இப்போது ஐந்து வாரம் ஆகிறது. பஸ் நேரத்துக்குப் போகிறது. ஒரு தடவை கனமழையில் சாலை மூழ்கியபோது அர்ச்சுனன் அந்த எண்ணுக்கு அழைத்தார்; சுற்றிக்கொண்டு வாருங்கள், காத்திருக்கிறோம் என்று பதில் வந்ததாம். வகுப்பில் ஒன்பது பேரோடு இப்போது செல்லமும் உட்காருகிறாள். முதல் எழுத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள்; ராஜம்மா பக்கத்தில் இருந்து அவள் கையைப் பிடித்து எழுத வைக்கிறார்.

நவ்சாத் தினமும் ஒன்பதரைக்குத்தான் கடைக்கு வருகிறார். போன வாரம் வீட்டிலிருந்த காய்களை வெட்டி ஆடும் பழைய டாம் ஆட்டப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். அய்யாவுக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை. இடது கை மட்டும் ஓடுகிறது. அந்த ஒற்றைக் கையால் தன் காயை எல்லாம் வெட்டிவிடுகிறார் என்று நேற்று நவ்சாத் என்னிடம் குறை சொன்னார். முப்பது வருடமாக இந்த ஊரில் யாரும் தன்னை ஜெயித்ததில்லையாம். ஜெயித்ததும் அந்த மனிதர் வாயைக் கோணிக்கொண்டு சிரிக்கிறாராம், சத்தம்கூட வருகிறதாம்.

நான் மதியத் தொழுகை லுஹருக்கு முகம் கை கால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் தண்ணீர் இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நாளைக்காவது ஜெயித்து வாருங்கள் என்றேன். அது நடக்காது போலிருக்கு என்று சொல்லிவிட்டு அவர் கறிச்சட்டியைக் கிளறப் போனார்.